மூச்சு, ஆசனம், தியானம்: கேள்வி பதில்

கேள்வி: மூச்சை 16 மாத்திரை (கால அளவு) இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடச் சொல்கிறது திருமந்திரம். நானாகவே செய்து பார்க்கிறேன். தலை பாரமாக இருக்கிறது. போகப் போகச் சரியாகிவிடுமா?

பதில்: முதலில் நிறுத்துங்கள். அந்தக் கணக்கு மூன்றாம் தந்திரத்தில் இருப்பதுதான். ஆனால் இயமம் (தவிர்க்க வேண்டியவை), நியமம் (கடைப்பிடிக்க வேண்டியவை), ஆதனம் (இருக்கை) மூன்றையும் பாடிவிட்டுத்தான் திருமூலர் பிராணாயாமத்துக்கே வருகிறார். காற்றைப் பிடிக்கும் கணக்கை அறிந்தவர் இல்லையே என்றும் அங்கேயே சொல்கிறார். சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மூச்சையும் மெல்ல மெல்லத்தான் வசப்படுத்த வேண்டும், தவறினால் செய்பவரையே அழித்துவிடும் என்று அடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலும் எச்சரிக்கிறது. இத்தனை பேர் சொன்ன பிறகும் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு 64 வரை எண்ணுவது ஆபத்து.

அடக்குவதை முழுக்க விட்டுவிடுங்கள். 4 எண்ணும் வரை இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். மனமும் கூடவே அடங்கும். அடுத்த மூச்சை அவசரமாக வாங்க வேண்டியிருந்தால் எண்ணிக்கை உங்களுக்கு அதிகம், குறையுங்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கும்பகத்தின் (மூச்சை அடக்குவதன்) பக்கமே போக வேண்டாம். நிறுத்திய பிறகும் தலைபாரம் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கபாலபாதி (வேகவேகமாக மூச்சு விடும் பயிற்சி) செய்தால் விரல் மரத்துத் தலை சுற்றுகிறது. நச்சு வெளியேறுவதால் அப்படி ஆகிறது என்கிறார்களே?

பதில்: நச்சு இல்லை. வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கிறுகிறுப்பு அதனால்தான். வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் சுற்றினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலையில் செய்வது நல்லதா, மாலையிலா?

பதில்: எப்போது தவறாமல் உட்கார முடியுமோ அப்போது. வயிறு காலியாக இருக்கட்டும்.

கேள்வி: தியானத்தில் உட்கார்ந்தாலே எண்ணங்கள் அதிகமாகின்றன. எனக்கு இது வராதா?

பதில்: எண்ணங்கள் புதிதாகக் கூடவில்லை. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவை இப்போதுதான் கண்ணில் படுகின்றன. பதஞ்சலியின் யோகசூத்திரம் தாரணை, தியானம், சமாதி என்று மூன்றைத் தனித்தனியாக வைக்கிறது. தியானம் என்று சொல்லி நாம் உட்கார்ந்து செய்வது பெரும்பாலும் தாரணைதான்: மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, நழுவினால் திருப்பிக் கொண்டுவருவது. நழுவிவிட்டோம் என்று தெரிந்துகொள்ளும் அந்தக் கணத்தில்தான் பயிற்சி நடக்கிறது. ஆகவே பலமுறை நழுவிப் பலமுறை திரும்பிய நாளை வீணான நாள் என்று நினைக்காதீர்கள். எண்ணத்தோடு சண்டை மட்டும் வேண்டாம். சண்டை போட்டால் அதுவே இன்னோர் எண்ணமாகிவிடும்.

கேள்வி: பதஞ்சலி வகுத்த சூரிய நமஸ்காரத்தின் 12 நிலைகளை எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

பதில்: பதஞ்சலி அதை வகுக்கவில்லை. யோகசூத்திரத்தில் ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றே சூத்திரங்கள், அவற்றில் ஓர் ஆசனத்தின் பெயர்கூட இல்லை. வரிசையை உங்கள் ஆசிரியர் கற்றுத்தந்தபடியே செய்யுங்கள்.

கேள்வி: (வேறொருவர்) அப்படியானால் சூரிய நமஸ்காரம் போலியா? மரபை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா?

பதில்: போலி என்று நான் சொல்லவில்லை. சூரியனை வணங்குவது மிகப் பழமையானது. இன்று நாம் செய்யும் உடற்பயிற்சித் தொடரைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அவுந்து சமஸ்தான மன்னர் பவன்ராவ், 1920-களில். அடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15. அவற்றில் பெரும்பாலானவை அமர்ந்து செய்பவை. திருமூலர் பெயர் சொல்லும் பத்திரம், கோமுகம், பங்கயம் எல்லாமே இருக்கைகள்தான். இதைச் சொல்வது மரபை இழிவுபடுத்துவதாகாது. பதஞ்சலியையும் திருமூலரையும் படிக்காமலே அவர்கள் பெயரில் ஒன்றை ஏற்றிச் சொல்வதுதான் எனக்கு வருத்தம். சூரிய நமஸ்காரம் உடம்புக்கு நல்லது, நானும் செய்கிறேன். நல்லதாக இருக்க அது ஐயாயிரம் வருடம் பழையதாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: (சூரிய நமஸ்கார வரிசையைக் கேட்டவரே) நூலில் இல்லாவிட்டால் என்ன? குரு வழியாக வாய்மொழியாக வந்திருக்கலாம் இல்லையா?

பதில்: வந்திருக்கலாம். நிறைய விஷயங்கள் அப்படித்தான் வந்தன, அதை மறுக்கவே இல்லை. ஆனால் "வந்திருக்கலாம்" என்பது வேறு, "பதஞ்சலி வகுத்தார்" என்பது வேறு. முதலாவதைச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

கேள்வி: குண்டலினி (உடலுக்குள் உறங்குவதாக யோக மரபு சொல்லும் சக்தி) எத்தனை நாளில் எழும்?

பதில்: நாள் குறித்துச் சொல்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் மூச்சை அடக்கினால் மனம் நிற்கும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். அடக்க வேண்டாம்.

கேள்வி: மூச்சை அடக்கும்போது நெற்றியில் வெளிச்சம் தெரிகிறது. இது நல்ல அறிகுறியா?

பதில்: மறுபடியும் அதேதான். தயவுசெய்து அடக்காதீர்கள். வெளிச்சத்தைத் தேடியும் போகாதீர்கள்.

கேள்வி: கண் அழுத்த நோய் இருக்கிறது. சிரசாசனம் செய்யலாமா?

பதில்: கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். மற்ற ஆசனங்களைப் பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்மானம், சம்மணம் போட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தியானம் செய்தால் பலன் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. இருக்கை அசையாமலும் சுகமாகவும் இருக்க வேண்டும், பதஞ்சலி கேட்பது அவ்வளவுதான். பாதம் இரண்டும் தரையில் படியட்டும், முடிந்தவரை முதுகைச் சாய்க்காமல் உட்காருங்கள். கால் எட்டாவிட்டால் அடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள்.