கேள்வி – பதில்: மதீராவில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: லிஸ்பனில் பணிபுரியும் மகளைப் பார்க்கச் செல்லும் நானும் என் கணவரும் அங்கிருந்து மதீராத் தீவுகளுக்கும் ஒரு வாரம் சென்றுவர எண்ணியுள்ளோம். தனி விசா வேண்டுமா? மலையிலேயே வாழ்ந்துவிட்ட எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?
– வாசகி, குன்னூர்

பதில்: மதீரா போர்ச்சுகலின் பகுதி என்பதால், மகளைப் பார்க்க நீங்கள் வாங்கும் ஷெங்கன் விசாவே போதுமானது.

அங்குள்ள மிக உயர்ந்த சிகரமான பிக்கோ ருய்வோவின் உயரம் 1,862 மீட்டர். ஏறக்குறைய உங்கள் குன்னூரின் உயரம்தான். ஆகவே மலைக்காட்சிக்காக மட்டும் செல்வதானால் தொட்டபெட்டாவே போதும் என்பேன். ஆனால் 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த லாரல் காட்டை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் நிறைந்த அக்காடு, நம் சோலைக்காடுகளைப் போலவே, தவழ்ந்து வரும் மூடுபனியை இலைகளில் பிடித்து நீராகச் சொட்டவைத்து மண்ணுக்குள் இறக்குகிறது. மழை மிகுந்த வடபகுதியின் நீரை வறண்ட தெற்கிலுள்ள வயல்களுக்குக் கொண்டுசெல்ல, பல நூற்றாண்டுகளாக மலைச்சரிவில் வெட்டப்பட்ட ‘லெவாடா’ என்னும் வாய்க்கால்களின் ஓரமாகவே நடைபாதைகளும் செல்கின்றன. சில பாதைகள் செங்குத்தான பள்ளத்தை ஒட்டியும், வேறு சில இருண்ட சுரங்கம் வழியாகவும் செல்வதால், வழுக்காத காலணியும் டார்ச் விளக்கும் தேவை.

மணற்கடற்கரை வேண்டுமானால் போர்ட்டோ சாண்டோ தீவுக்குக் கப்பலில் செல்லுங்கள். பலத்த காற்றினால் மதீராவில் விமானங்கள் தாமதமாவதுண்டு. எனவே இந்தியா திரும்பும் நாளுக்கு முன்னதாக ஓரிரு நாட்களை லிஸ்பனில் ஒதுக்கி வையுங்கள்.