வாசகர் கேள்வி – பதில்: கோர்ட்டுக்குத் தலைவர் தேவை

பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களின் தலைவர் பதவி பற்றிச் சென்ற சில வாரங்களில் வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இம்முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் ஸ்காட்லாந்தில் முதுகலை படிக்கிறாள். ‘கோர்ட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களியுங்கள்’ என்று பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. கோர்ட் என்றதும் வீட்டில் எல்லோரும் பதறிவிட்டோம். போய்ச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத மாணவிக்கு இதில் என்ன வேலை?
– தஞ்சாவூர் வாசகர்

பதற வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆட்சிக்குழுவின் பெயரே கோர்ட்தான். நீதிமன்றத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம்மிடம் சிண்டிகேட் இருக்கும் இடத்தில் அங்கே கோர்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், கடன் வாங்கிக் கட்டடம் எழுப்பலாமா என்று தீர்மானிப்பதும், பிரின்சிபல் என்று அங்கே அழைக்கப்படும் துணைவேந்தரை நியமிப்பதும், அவர் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று கவனிப்பதும் இந்தக் குழுவின் பொறுப்பு.

உங்கள் மகளுக்கு வாக்கு கிடைத்தது 2016ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றிய உயர்கல்வி ஆளுகைச் சட்டத்தினால். பல்கலைக்கழகத்தில் ஊழியராகவோ மாணவராகவோ இல்லாத ஒருவர்தான் ஆட்சிக்குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டும், அவரை ஆட்சிக்குழு உறுப்பினர்களும் ஊழியர்களும் மாணவர்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பேராசிரியர், துப்புரவுப் பணியாளர், நேற்றுச் சேர்ந்த மாணவி, ஆட்சிக்குழு உறுப்பினர் ஆகிய எல்லோருடைய வாக்குக்கும் ஒரே மதிப்பு. யார் அதிக வாக்கு பெறுகிறாரோ அவர் தலைவர். அதற்கு முன்பெல்லாம் ஆட்சிக்குழுவே தனக்குப் பிடித்த ஒருவரைத் தலைவராக்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2012இல் வெளியான ஓர் ஆய்வுக்குழு அறிக்கை அந்த வழக்கத்தை மாற்றிப் பொதுத்தேர்தல் வேண்டும் என்றபோது, பல்கலைக்கழகத் தலைமைகள் அதை எதிர்த்தன. வாக்குக் கேட்டு நிற்க வேண்டும் என்றால் தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனாலும் உங்கள் மகள் வாக்களிக்கத்தான் வேண்டும். அவள் கட்டும் கட்டணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் நாற்காலியில் யார் அமர்வது என்பது அவள் கவலையும்தானே.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரியில் ரெக்டர் என்றால் அங்கியணிந்த பாதிரியார். ஸ்காட்லாந்தில் நடிகர்களையும் அரசியல்வாதிகளையும் ரெக்டராகத் தேர்ந்தெடுப்பதாகப் படித்தேன். முன்னே சொன்ன தலைவர் இவர்தானா?
– திருச்சி வாசகி

இல்லை. செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்தீன், எடின்பரோ ஆகிய நான்கும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் தோன்றிய பழைய பல்கலைக்கழகங்கள். அவற்றில் ரெக்டருக்கு கோர்ட் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் உரிமை 19ஆம் நூற்றாண்டுச் சட்டங்களாலேயே உண்டு. பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான கார்டன் பிரவுன், 1972இல் எடின்பரோவில் மாணவராக இருக்கும்போதே ரெக்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, நரைத்த தலைகள் நிறைந்த கோர்ட்டுக்குத் தலைமை தாங்கினார். மாறாக, கிளாஸ்கோ மாணவர்கள் 2014இல் தேர்ந்தெடுத்த, அமெரிக்க உளவுத்துறை ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் ரஷ்யாவில் தஞ்சம் புகுந்திருந்ததால், பதவிக்காலம் முழுவதும் நேரில் வந்து ஒரு கூட்டத்தையும் நடத்த முடியவில்லை. ரெக்டர் தேர்தலில் மாணவர்கள் தங்கள் மனத்தைச் சொல்கிறார்கள்; கணக்கேட்டைப் புரட்டுவதற்கு வேறொருவர் தேவைப்படுகிறார். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ரெக்டரை அப்படியே விட்டுவிட்டு, அவரோடு கூடுதலாக இந்த வெளியாள் பதவியை வைத்தது.

கேள்வி: பிரிட்டனில் ஆட்சிக்குழுத் தலைவர் பதவிக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறார்களாமே, குமாஸ்தா வேலைக்குக் கொடுப்பதுபோல? அதிலும் சம்பளம் கிடையாது என்று போட்டிருந்ததாம். சம்பளமில்லாத வேலைக்கு யார் விண்ணப்பிப்பார்கள்?
– மதுரை வாசகர்

விளம்பரம் செய்வது உண்மைதான். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. விளம்பரம் இல்லாமல் நிரப்பப்படும் பதவி ஏற்கெனவே யாருக்கோ பேசி முடிக்கப்பட்டது என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா?

நடைமுறை இப்படிப் போகும். இப்போதைய தலைவரின் காலம் முடிவதற்கு வெகுமுன்பே, பல இடங்களில் ஓராண்டுக்கு முன்பே, ஆட்சிக்குழு ஒரு தேர்வுக்குழுவை அமைக்கிறது. ஸ்காட்லாந்தில் அதில் ஊழியர் ஒருவரும் மாணவர் ஒருவரும் இருந்தாக வேண்டும். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று அந்தக் குழு எழுதுகிறது: பெரிய நிறுவனத்தின் நிதிநிலை அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவரா, கல்விப் பணியின் இயல்பு புரிந்தவரா, உள்ளூரோடு உறவுள்ளவரா, மாதத்தில் இத்தனை நாள் ஒதுக்கக்கூடியவரா என்று. பிறகு விளம்பரம் வருகிறது. பெரும்பாலும் ஆள்தேடும் நிறுவனம் ஒன்றையும் அமர்த்திக்கொள்கிறார்கள். தாமாக விண்ணப்பிக்கத் தயங்கும் ஆட்களைத் தேடிப் பேசுவது அதன் வேலை. வந்த விண்ணப்பங்களைச் சலித்து, நேர்காணல் நடத்தி, தகுதி உள்ளவர்கள் என்று குழு கருதுபவர்களை மட்டுமே ஸ்காட்லாந்தில் தேர்தலில் நிறுத்துகிறார்கள். இங்கிலாந்தில் அந்தத் தேர்தல் கட்டம் சட்டப்படி இல்லை. குழு பரிந்துரைக்கிறது, ஆட்சிக்குழு நியமிக்கிறது. அங்கே பல்கலைக்கழக ஆட்சிக்குழுத் தலைவர்களின் அமைப்பு ஒன்று நடத்தை நெறித் தொகுப்பு வெளியிட்டு, பெரும்பாலோர் அதைப் பின்பற்றுகிறார்கள். நான்காண்டு வீதம் இருமுறை, அல்லது மூன்றாண்டு வீதம் மும்முறை, அதற்கு மேல் ஒருவர் உறுப்பினராகத் தொடர்வது வழக்கமாக இருக்கக் கூடாது என்பது அதிலுள்ள நல்ல விதிகளில் ஒன்று. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் இதிலும் தனி வழிதான். அங்கே கவுன்சில் எனப்படும் ஆட்சிக்குழுவுக்குத் துணைவேந்தரே தலைமை தாங்குகிறார்.

எல்லாரும் வாக்குப்பெட்டியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ‘எப்படிப்பட்ட ஆள்’ என்று எழுதப்படும் அந்த ஒரு பக்கம். ‘மரியாதைக்குரியவர், பலரோடும் இணக்கமாகச் செல்பவர்’ என்று எழுதினால், இணக்கமாகச் செல்பவர்தான் வருவார். பிறகு எத்தனை ஆயிரம் பேர் வாக்களித்தாலும் அந்தப் பட்டியலுக்குள்தான் வாக்களிக்க முடியும். அந்தப் பக்கத்தை எழுதும்போது இரண்டு பேர் அறையில் இருக்கக் கூடாது என்பது என் கட்சி. விடைபெறும் தலைவர் ஒருவர். அவர் தன்னைப்போல ஒருவரையே தேடுவார். மற்றவர் துணைவேந்தர். அவரை மேற்பார்வை செய்ய வரும் ஆளை அவரே பொறுக்குவது, தணிக்கையாளரைக் கணக்குப்பிள்ளை தேர்ந்தெடுப்பதற்குச் சமம். கருத்துக் கேட்கலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சம்பளத்துக்கு வருவோம். பிரிட்டனின் பல்கலைக்கழகங்கள் அறக்கட்டளைத் தகுதி கொண்டவை; அறங்காவலர் ஊதியம் வாங்குவதில்லை என்பது அங்கே பழைய மரபு. வழிச்செலவு கிடைக்கும். இப்போது சில இடங்களில் தலைவருக்கு மட்டும் மதிப்பூதியம் தருகிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டமும் தலைவர் கேட்டால் நியாயமான ஊதியம் தர வழிவைத்திருக்கிறது. இதை நான் வரவேற்கிறேன். ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ளவர்கள் மட்டுமே ஓசியில் உழைக்க முடியும் என்பதால், ஊதியமே இல்லை என்றால் தலைவர் நாற்காலிக்கு ஒரே வகை மனிதர்கள்தான் வந்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி: வெளியாள் தலைவர், தேர்தல் எல்லாம் சரி. அப்படியும் டண்டீ பல்கலைக்கழகம் கடனில் மூழ்கியதே?
– யாழ்ப்பாண வாசகர்

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும் ஸ்காட்லாந்தில்தான் அது நடந்தது. 1967இல் செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமான டண்டீ, 2024 நவம்பரில் சுமார் 3 கோடி பவுண்டு பற்றாக்குறை இருப்பதாகத் தன் ஊழியர்களிடம் அறிவித்தது. அடுத்த மாதமே பிரின்சிபல் விலகினார். 2025 மார்ச்சில், 632 முழுநேரப் பணியிடங்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்ற அறிவிப்பு வந்தது. சணல் ஆலைகள் மூடப்பட்ட வலியை ஏற்கெனவே பார்த்த ஊர் அது. வெளிநாட்டு மாணவர் சேர்க்கை சரிந்தது ஒரு காரணம்தான். ஆனால் அந்தச் சரிவு எல்லாப் பல்கலைக்கழகங்களையும் தாக்கியது, எல்லாம் இந்த நிலைக்கு வரவில்லை. கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பிரின்சிபல் பமேலா கில்லீஸ் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2025 ஜூனில் வெளியானது. நிதி முடிவுகளிலும் கண்காணிப்பிலும் கணக்கு முன்வைக்கப்பட்ட முறையிலும் இருந்த குறைகளோடு, மாற்றுக்கருத்து சொன்னவர்கள் ஊக்குவிக்கப்படாத சூழலையும் அது சுட்டியது. உடனே இடைக்காலப் பிரின்சிபலும் கோர்ட்டின் தற்காலிகத் தலைவரும் பதவி விலகினார்கள்.

எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் ஆட்சிக்குழுவில் நான் உறுப்பினராக இருந்தேன். கூட்டம் மூன்று மணிக்கு. நிகழ்ச்சிநிரலில் பெயர்ப்பலகை மாற்றுவதும் ஆண்டுவிழாச் சிறப்பு விருந்தினர் யார் என்பதும் முதலில் வரும். நாலரைக்குக் கேசரியும் பஜ்ஜியும் வரும். அதோடு சேர்ந்து தணிக்கை அறிக்கையும் ‘பார்வைக்கு’ என்று கைமாறும். எண்ணெய் விரலோடு பக்கம் புரட்டக் கூச்சப்பட்டு எல்லோரும் அதை மூடி வைப்போம். தலைவர் நல்ல மனிதர், ஊரே மதிப்பவர். ‘வேறு ஒன்றும் இல்லையே?’ என்று அவர் கேட்கும் தொனியிலேயே, இருக்கக் கூடாது என்பது புரிந்துவிடும். நானும் வாய் திறக்கவில்லை. இரண்டாண்டு கழித்து ஊழியர் சேமநிதி கட்டப்படாதது வெளியே வந்தபோது, அந்த எண் எங்கள் கையிலிருந்த அறிக்கையின் 11ஆம் பக்கத்திலேயே இருந்தது தெரிந்தது. தலைவர் எந்த வழியில் வந்தார் என்பதைவிட, தணிக்கை அறிக்கையை மூன்று மணிக்கு எடுப்பாரா நாலரைக்கு எடுப்பாரா என்பதை நேர்காணலில் அறிந்துகொள்ள முடிந்தால் நல்லது.

கேள்வி: நம் நாட்டில் இப்படி வெளியாள் தலைவர் உண்டா?
– கோவை வாசகர்

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் சிண்டிகேட் கூட்டத்துக்குத் துணைவேந்தரே தலைமை தாங்குகிறார். இலங்கையிலும் 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டப்படி, பேரவை எனப்படும் ஆட்சிக்குழுவுக்குத் துணைவேந்தர்தான் தலைவர். ஐஐடிகளில் தலைவர் தனி, இயக்குநர் தனி. தலைவரை விசிட்டர் என்ற முறையில் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். திருச்சியில் உள்ளது உட்பட ஐஐஎம்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு புதுமையைத் தந்தது: ஆட்சிக்குழுவே தன் தலைவரைத் தேடி நியமித்துக்கொள்ளலாம். 2023இல் வந்த திருத்தம் அந்த உரிமையை எடுத்து விசிட்டரிடம் கொடுத்துவிட்டது. ஒரு முறையின் நிறைகுறையைப் பார்க்க ஐந்தாறு ஆண்டு போதாது என்பதால், இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: வங்கியில் உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற என் தம்பி இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறான். உங்கள் ஆலோசனை?
– கும்பகோணம் வாசகர்

தாராளமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். நிதி தெரிந்தவர்களுக்கு இப்போது அங்கே மதிப்பு அதிகம். ஆனால் விண்ணப்பத்தை எழுதுவதற்கு முன் அவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகளையும் ஆண்டுக் கணக்குகளையும் பொதுவில் வெளியிடுகின்றன. கடைசி இரண்டு ஆண்டுக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு, உறுப்பினர்கள் கேள்வி கேட்டதாக எத்தனை இடத்தில் இருக்கிறது, ‘அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எத்தனை இடத்தில் இருக்கிறது என்று பென்சிலால் குறிக்கட்டும். நேர்காணலில் ‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். துணைவேந்தர் கொண்டுவந்த தீர்மானம் ஒன்றை இந்தக் குழு கடைசியாகத் திருப்பி அனுப்பியது எப்போது என்று அப்போது கேட்கட்டும். பதில் சொல்ல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அந்த நாற்காலியில் உட்காரும் நாளிலிருந்தே வேலை காத்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார். வாரத்துக்கு ஒரு நாள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் இரண்டு நாளாகக் கணக்கிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.