பைன் காட்டுச் சிவப்புக் காளான்: கேள்வி பதில்

கேள்வி: கொடைக்கானல் பைன் காட்டில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி போட்ட காளான் பார்த்தோம். சாப்பிடலாமா?

பதில்: கூடாது. அமானிட்டா மஸ்காரியா, நச்சுக் காளான். பைன் வேரோடு கூட்டு வைத்து வாழ்வது.

கேள்வி: எனக்குக் கிடைத்ததில் புள்ளியே இல்லை, நிறமும் ஆரஞ்சு. வேறு காளானா?

பதில்: அதுவாகவே இருக்கலாம். மொட்டை மூடியிருந்த வெள்ளைச் சவ்வு கிழிந்து ஒட்டிக்கொண்ட துணுக்குகள்தான் அந்தப் புள்ளிகள். நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். நல்ல மழையில் கழுவிப் போகும். சிவப்பும் நாளாக நாளாக வெளுக்கும். மேலே பார்த்து முடிவு கட்டாதீர்கள். தண்டை ஒடிக்காமல் சுற்றிலும் கத்தியால் ஆழமாகக் கெல்லி எடுங்கள். அடி குமிழாகப் பருத்து, அதன்மேல் வரிவரியாகப் பொருக்கு இருக்கும். தண்டின் மேற்பாதியில் பாவாடை போல வெள்ளை வளையம் தொங்கும். குடையின் அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள் வெள்ளை, தண்டைத் தொடாது. பலரும் அந்த அடிப்பாகத்தை மண்ணிலேயே விட்டுவிட்டுக் குடையை மட்டும் படம் பிடித்து அனுப்புகிறார்கள்!

கேள்வி: ருசூலா என்ற காளான் வகையிலும் சிவப்பு உண்டே?

பதில்: உண்டு. அதற்கு வளையமும் இல்லை, குமிழும் இல்லை. தண்டு சாக்பீஸ் மாதிரி பட்டென்று ஒடியும்; அமானிட்டா தண்டு நாராகக் கிழியும்.

கேள்வி: செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம் பார்க்கத் தாளில் அச்சு எடுத்தேன், எதுவும் விழவில்லை.

பதில்: வெள்ளைத் தாளில் வைத்திருப்பீர்கள். இதன் தூளும் வெள்ளை. தண்டை நறுக்கிவிட்டு, செவுள் கீழே இருக்கும்படி குடையைக் கறுப்புத் தாளில் வைத்து, டம்ளரால் மூடி ஓர் இரவு விடுங்கள். ருசூலாவிலும் சில வெள்ளைத் தூள் தரும், எனவே அச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: வெள்ளிக்காசு போட்டு வேகவைத்தால் தெரியுமாமே?

பதில்: தெரியாது. அமானிட்டா நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது. நத்தை கடித்த தடமும் சான்றில்லை. நத்தை இதையும் தின்னும்.

கேள்வி: தெரியாமல் தின்றுவிட்டால்?

பதில்: உடனே ஆஸ்பத்திரி. மஸ்காரியா என்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குமட்டல், தள்ளாட்டம், பிதற்றல், அசந்த தூக்கம். 1869-இல் மஸ்காரின் என்ற நஞ்சை இதிலிருந்துதான் முதலில் பிரித்தார்கள், ஆனால் இதில் அது மிகச் சொற்பம். மயக்குவது இதிலுள்ள வேறு இரு நஞ்சுகள்: மஸ்கிமாலும் இபோடெனிக் அமிலமும். 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்திபேதி தொடங்குகிறது என்றால் அதிகம் பயப்பட வேண்டும்: தின்றது ஈரலை அழிக்கும் வேறொரு அமானிட்டா இனமாக இருக்கலாம். அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. இடையில் ஒரு நாள் தேறியதுபோல் காட்டும், அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். மிச்சக் காளானைக் காகிதப் பையில் கொண்டு போங்கள். பிளாஸ்டிக்கில் வியர்த்து அழுகிவிடும்.

கேள்வி: குழந்தை கையால் தொட்டுவிட்டது.

பதில்: தொட்டதால் ஒன்றும் ஆகாது. வாயில் வைக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள்.