உரமிட்ட நிலமும் நத்தை ஓடும்

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டத்துக்குப் பல ஆண்டுகளாக யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் இடுகிறோம். நத்தைகள் அருகிவிட்டன, இருப்பவற்றின் ஓடும் விரலால் அழுத்தினாலே நொறுங்குகிறது. மண் நஞ்சாகிவிட்டதா?

நஞ்சைவிட அமிலத்தை ஐயப்படுவதே பொருத்தம். அம்மோனியத்தை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அயனிகள், மண் துகள்களைப் பற்றியிருக்கும் கால்சியத்தைப் பெயர்த்துவிட, மழைநீர் அதை நைட்ரேட்டோடு சேர்த்து அடித்துச் செல்கிறது. நத்தை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே ஆதலால், மேல்மண்ணில் கால்சியம் குறையும்போது ஓடு மெலிகிறது. சேர்வராயன் மலை மண் இயல்பிலேயே அமிலப் பாங்கானது என்பதால் பழியை முழுவதும் உரத்தின்மேல் போட முடியாது. உரம் வைக்கும் செடியின் தூரைச் சுற்றியும், உரமே படாத வேலியோரச் சருகின் அடியிலும் தனித்தனியே மண் எடுத்துப் பரிசோதிக்கக் கொடுங்கள். தூரடி மண்ணின் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண்; தாழத் தாழ அமிலம் மிகுதி) மட்டும் தாழ்ந்திருந்தால் காரணம் உரம்தான். பரிந்துரைக்கப்படும் அளவில் சுண்ணாம்போ டோலமைட்டோ இடலாம். யூரியாவோடு சேர்த்து மட்டும் இடவேண்டாம். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

வாழப்பாடியில் மரவள்ளிக்கு டி.ஏ.பி. இடுகிறோம். அதிலுள்ள காட்மியம் நத்தையைக் கொல்லுமா?

டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) பாஸ்பேட் பாறையிலிருந்து செய்யப்படும் உரம். அந்தப் பாறையில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் மாசாகக் கலந்திருப்பதுண்டு. அளவு பாறை கிடைத்த இடத்தைப் பொறுத்தது. இலையோடும் மண்ணோடும் உட்செல்லும் காட்மியத்தை நத்தை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செரிமானச் சுரப்பியில் சேர்த்து வைப்பதால், அது எளிதில் சாவதில்லை. ஆகவே நத்தை உயிரோடு திரிவது மண் தூய்மைக்குச் சான்றாகாது. ஐ.எஸ்.ஓ. 15952 என்னும் பன்னாட்டுச் சோதனை முறையும் இளம் நத்தைகளின் இறப்பை மட்டுமன்றி, அவற்றின் வளர்ச்சி குன்றுவதையும் அளக்கிறது.

கருப்பூரில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தை அடுத்து எங்கள் நிலம். நத்தையில் நிக்கல் மிகுந்திருந்தால் உரம்தான் காரணமா?

அவசரப்பட வேண்டாம். அந்தப் பகுதிப் பாறையிலேயே நிக்கலும் குரோமியமும் மிகுதி. அருகில் உரமிடாத நிலத்து நத்தையோடு ஒப்பிடாத வரையில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

வீட்டுத் தோட்டத்தில் ஆப்பிரிக்க ராட்சத நத்தைகள் பெருகியுள்ளன. மண் வளமாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

கூடாது. 1847-இல் கொல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்ட இந்த இனம், மண்ணில் கால்சியம் போதாவிட்டால் வீட்டுச் சுவரின் சுண்ணாம்பையே சுரண்டித் தின்னும். எலியின் நுரையீரல் புழுவை இது சுமக்கக்கூடும் என்பதால், கையுறை இல்லாமல் பொறுக்காதீர்கள்.