இயலாமை ஓய்வூதியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, உடல்நலம் கெட்டதால் ஓய்வுபெற விரும்பும் மத்திய அரசு ஊழியர்களிடமிருந்து வந்தவை. ஆகவே கீழுள்ள பதில்கள் அனைத்தும் 2021ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணிகள் ஓய்வூதிய விதிகளையும் அவற்றைச் சார்ந்த விதிகளையும் ஒட்டியவை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1978ஆம் ஆண்டின் விதிகள் தனியே இருக்கின்றன; அவர்கள் இதைப் படித்துவிட்டுத் தங்கள் அலுவலகத்தில் வாதாடப் போக வேண்டாம்.

கேள்வி: அஞ்சல் துறையில் ஏழு ஆண்டுகள் பணி முடித்திருக்கிறேன். இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். பத்து ஆண்டுகள் நிறைவடையாததால் ஓய்வூதியம் கிடையாது என்கிறார்கள். உண்மையா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: அது பழைய கதை. இயலாமையால் ஓய்வுபெறுவோருக்குப் பத்தாண்டு நிபந்தனை பொருந்தாது என்று 2019 ஜனவரியிலேயே விதி திருத்தப்பட்டுவிட்டது. 2021ஆம் ஆண்டின் விதிகளில் இது 39ஆவது விதியாக இருக்கிறது. கடைசியாகப் பெற்ற அடிப்படை ஊதியம் அல்லது கடைசிப் பத்து மாதச் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதில் பாதி உங்களுக்கு ஓய்வூதியமாகும். அதன்மேல் அகவிலை நிவாரணமும் உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டுகள் போதும் என்பதால் அதுவும் கிடைக்கும்: ஏழு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ மூன்றரை மாத ஊதியம், அகவிலைப்படியும் சேர்த்து.

ஆனால் நீங்கள் 1.1.2004க்குப் பின் சேர்ந்தவர், அதாவது தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். ஆகவே படிவம் 1இல் நீங்கள் தந்த விருப்பம் என்ன என்பதைப் பணிப்பதிவேட்டில் முதலில் பாருங்கள். இயலாமை நேர்ந்தால் மேலே சொன்ன ஓய்வூதிய விதிகளின்படியே ஓய்வூதியம் வேண்டும் என்று அதில் இருந்தால், உங்கள் கணக்கில் அரசு செலுத்திய பங்கும் அதன் வருவாயும் அரசுக்குத் திரும்பும். நீங்கள் செலுத்தியதும் அதன் வருவாயும் மொத்தமாக உங்கள் கைக்கு வரும். இந்த ஒரு தாளைப் பார்க்காமலேயே விண்ணப்பம் எழுத உட்காருபவர்கள் பலர்.

கேள்வி: பக்கவாதத்திற்குப் பிறகு அலுவலகம் செல்ல மனமில்லை. இப்போது ராஜினாமா செய்துவிட்டு, பிறகு இயலாமை ஓய்வூதியம் கேட்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: கேட்க முடியாது. ராஜினாமா செய்த நாளோடு அதுவரையிலான பணிக்காலம் முழுவதும் இழக்கப்படுகிறது. எத்தனை முறை எழுதினாலும் சலிக்காமல் மீண்டும் எழுதுகிறேன்: உடல்நலக் காரணத்திற்காக ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

கேள்வி: சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் நிபுணர், நான் வேலைக்குத் தகுதியற்றவர் என்று சான்று தந்திருக்கிறார். அதை இணைத்து விண்ணப்பித்தால் போதுமா?
— ஆவடி வாசகர்

பதில்: போதாது. விதியின்படியான மருத்துவ அதிகாரி, அல்லது உங்கள் பதவிக்கேற்ப மருத்துவக் குழு, தரும் சான்றே செல்லும். நீங்களாகவே நேரே அவர்களிடம் போய் நிற்கவும் முடியாது. உங்கள் விண்ணப்பத்தின்பேரில் அலுவலகம்தான் உங்களை அனுப்ப வேண்டும். நிபுணரின் சான்றும் ஸ்கேன் அறிக்கைகளும் வீணல்ல. குழுவின் முன் அவற்றைக் கொண்டுபோங்கள். சான்றில் இடம்பெற வேண்டிய சொல் ‘நிரந்தர’ இயலாமை. ஆறு மாத ஓய்வு தேவை என்று குழு எழுதினால் அது விடுப்புக்கான சான்று மட்டுமே.

கேள்வி: எனக்கு உடம்பு சரியில்லை. ஓய்வு பெற்றால் எவ்வளவு கிடைக்கும்?
— திருச்சி வாசகர்

பதில்: வயது, துறை, சேர்ந்த தேதி, அடிப்படை ஊதியம், நோய் ஆகிய எதுவும் கடிதத்தில் இல்லை. இதற்குப் பதில் சொல்ல நான் சோதிடம் கற்றிருக்க வேண்டும். மத்திய அரசில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 9,000 ரூபாய் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், வயது 52. நீரிழிவால் பார்வை பெருமளவு போய்விட்டது. “இயலாமை ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்கள் மகனுக்கு வேலை வாங்கித் தருகிறோம்” என்று அதிகாரி சொல்கிறார். படிவத்தையும் அவரே நிரப்பி வைத்திருக்கிறார். கையெழுத்திடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: இடாதீர்கள். பணியில் இருந்த காலத்தில் இப்படிப் பிறர் நிரப்பித் தந்த படிவங்கள் பலவற்றைக் கையாண்டிருக்கிறேன் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் பணியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பார்க்கும் வேலைக்கு அவர் பொருந்தவில்லையென்றால், அதே ஊதிய விகிதத்திலும் பணிப்பயன்களிலும் வேறு பணியிடம் தர வேண்டும். அப்படியொன்று இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும்வரையோ ஓய்வு வயது வரையோ அவருக்காக மிகைப் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். உடற்குறையை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணியாளர்களுக்கு இப்பிரிவிலிருந்து விலக்கு உண்டு. அலுவலக உதவியாளரான உங்களுக்கு அது பொருந்தாது. ஓய்வூதிய விதி 39ம் இத்தகைய ஊழியர் முதலில் இப்பிரிவின்கீழ் வருவார் என்றே கூறுகிறது. அதற்கு வேண்டியது முறையான அதிகாரி தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். உங்கள் முதல் வேலை அதைப் பெறுவது.

இது இன்று நேற்று வந்த பாதுகாப்பும் அன்று. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 47ஆவது பிரிவாக இருந்தது இதுவே. கால் துண்டிக்கப்பட்டதால் பணியிலிருந்து அனுப்பப்பட்ட குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக இப்பாதுகாப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2003இல் கூறிவிட்டது. உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது பகவான் தாஸ் வழக்கு. பஞ்சாப் மின்வாரியத்தின் உதவி லைன்மேனான அவர், முற்றிலும் பார்வை இழந்தபின், தமக்கு ஓய்வளித்து மனைவிக்கு வேலை தருமாறு தாமே எழுதிக் கொடுத்தார். சட்டம் தெரிந்த அதிகாரிகள் அவருக்கிருந்த உரிமையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி, அந்தக் கடிதத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த இடம் தராமல், 2008இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட்டது. பார்வை போனது 1994இல். தீர்ப்பு வந்தது 14 ஆண்டுகள் கழித்து. ஒரு கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய அலைச்சல் அது.

இனி மகனுக்கு வேலை என்ற பேச்சு. ஊழியர் 55 வயதுக்குள் இயலாமையால் ஓய்வுபெற்றால் குடும்பத்தில் ஒருவர் கருணை அடிப்படையில் நியமனம் கேட்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அது உரிமையன்று. ‘சி’ பிரிவு நேரடி நியமனக் காலியிடங்களில் ஐந்து விழுக்காட்டுக்குள், குடும்பத்தின் வறுமையை மற்ற விண்ணப்பதாரர்களோடு ஒப்பிட்டுத் தருவது. ஓய்வூதியம் பெறும் தந்தை உயிரோடிருக்கும் குடும்பம் அந்த வரிசையில் எங்கே நிற்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். உங்கள் அதிகாரி வாக்களிப்பது அவர் கையில் இல்லாத ஒன்று. உங்கள் அடிப்படை ஊதியம் சுமார் 50,000 என்று கொண்டால், ஓய்வூதியம் 25,000. மீதமுள்ள எட்டு ஆண்டுகளில், ஆண்டு ஊதிய உயர்வையும் அகவிலைப்படியையும் சேர்க்காமலே, ஏறத்தாழ 24 லட்சம் ரூபாயை விட்டுக்கொடுப்பீர்கள்.

ரயில்வேயில் கண் பரிசோதனையில் தேறாத லோகோ பைலட்டை ‘டீகேட்டகரி’ செய்து, அதாவது ரயில் ஓட்டும் பணிப்பிரிவிலிருந்து விலக்கி, வேறு பணியிடத்தில் அமர்த்துவது நெடுநாளைய வழக்கம். அங்கே முடிவது உங்கள் அலுவலகத்தில் முடியாது என்றால், அதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். சான்றிதழின் நகலை இணைத்து, 20ஆவது பிரிவின்படி மாற்றுப் பணி கோரும் மனுவைக் கொடுத்து, ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணியின்போது மின்கம்பத்திலிருந்து விழுந்து என் கணவரின் முதுகெலும்பு முறிந்தது. அவரும் இயலாமை ஓய்வூதியம்தான் கேட்க வேண்டுமா?
— கோவில்பட்டி வாசகி

பதில்: அதற்கும் முன் வேறொன்றைக் கேளுங்கள், அம்மா. பணியால் நேர்ந்த காயத்திற்கு அசாதாரண ஓய்வூதிய விதிகள் தனியே உள்ளன. வழக்கமான ஓய்வூதியத்தோடு, ஊனம் முழுமையானால் அடிப்படை ஊதியத்தில் 30 விழுக்காடும், குறைவானால் அதற்கேற்பவும் கூடுதலாகக் கிடைக்கும். நூறு விழுக்காடு ஊனத்தோடு பிறர் உதவியின்றி வாழ இயலாதவருக்கு உதவியாளர் படியும் உண்டு. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி அது மாதம் 6,750 ரூபாயாக இருந்தது. பணியில் தொடர்ந்தாலும் ஒருமுறை ஈட்டுத்தொகை கேட்கலாம். விபத்து நடந்த அன்று அலுவலகத்தில் எழுதப்பட்ட அறிக்கையின் நகலை இப்போதே வாங்குங்கள். ஆண்டுகள் கடந்தபின் அது கிடைப்பது அரிது. மாற்றுப் பணி பற்றி மதுரை வாசகருக்கு எழுதியதும் உங்கள் கணவருக்குப் பொருந்தும். அவரையும் எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திட விடாதீர்கள்.

கேள்வி: இயலாமை ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்து, மொத்தத் தொகையாக முன்கூட்டியே பெற முடியுமா?
— வேலூர் வாசகர்

பதில்: முடியும், 40 விழுக்காடு வரை. ஆனால் வயது முதிர்ந்து ஓய்வுபெறுபவரைப்போல் நேரடியாக அல்ல, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே. உங்கள் உடல்நிலையைக் கருதி, மருத்துவ அதிகாரி உங்கள் வயதோடு சில ஆண்டுகளைக் கூட்டலாம். கூட்டினால் கைக்கு வரும் தொகை குறையும். தொகுத்துப் பெற்றதற்காக மாத ஓய்வூதியத்தில் குறைக்கப்பட்ட பகுதி 15 ஆண்டுகளுக்குப் பின்பே திரும்பச் சேரும்.

கேள்வி: புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஓராண்டு ஊதியமில்லா விடுப்பில் இருந்தேன். அது பணிக்காலத்தில் சேருமா?
— சேலம் வாசகி

பதில்: மருத்துவச் சான்றின்பேரில் எடுத்ததென்றால் சேரும். அப்படித்தான் எடுத்தீர்கள் என்ற குறிப்பு பணிப்பதிவேட்டில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.