காலையில் நெடி, மதியம் ஒன்றுமில்லை

வணக்கம் ஐயா,

ஏற்காடு மலையில் எங்கள் ஊர். மேலே உள்ள சுனையிலிருந்து குழாய் வழியே 10,000 லிட்டர் தொட்டிக்குத் தண்ணீர் தானாகவே வந்து விழுகிறது, மோட்டார் கிடையாது. காலையில் குழாயைத் திறந்தால் பிளீச்சிங் நெடி தாங்கவில்லை. மதியத்துக்கு மேல் சுவடே இல்லை. தண்ணீர் விடும் அண்ணனைக் கேட்டால் "தினமும் போடுறேனே" என்கிறார். காபியே நாறுகிறது, பவுடர் வேண்டாம் என்று சிலர் சண்டைக்கு வருகிறார்கள். மழை தொடங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என்ன செய்யலாம்?

ம., ஏற்காடு

அன்புள்ள ம.,

அவர் தினமும் போடுவதும் உண்மையாக இருக்கலாம், மதியம் மருந்து (பிளீச்சிங் பவுடரின் குளோரின்) இல்லாமல் போவதும் உண்மையாக இருக்கலாம். கீழே ஓமலூர் பக்கம் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார்கள், மருந்து கலப்பார்கள், அரை மணி நேரம் விட்டு வால்வைத் திறப்பார்கள். உங்கள் தொட்டியிலோ ஒரு பக்கம் நீர் விழுந்தபடி இருக்கிறது, மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. காலையில் கொட்டியது காலையிலேயே இறங்கிவிடுகிறது. அதற்குப் பின் குடிப்பது வெறும் சுனை நீர்.

வால்வு இரண்டும் நன்றாக இருந்தால் இரவில் தொட்டியை நிரப்பி, வரத்தையும் போக்கையும் அடைத்து, 1,000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் 40 கிராம் பவுடர் போதும். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் குழைத்து, நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும்.

நாள் முழுக்கத் தண்ணீர் விட்டே ஆக வேண்டுமென்றால் சொட்டு முறைதான் வழி. வரத்துக் குழாயின் கீழே வாளியைப் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 21,600 லிட்டர், அதற்குச் சுமார் 86 கிராம். அதன் தெளிவை 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் நிறைத்து, வரத்து நீர் விழும் இடத்தில் நிமிடத்துக்கு 35 மில்லி சொட்ட விடுங்கள். டிரம்மின் குழாய் அடியிலிருந்து நாலு விரல் மேலே இருக்கட்டும், இல்லையேல் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். மட்டம் இறங்க இறங்கச் சொட்டும் குறையும், ஆகவே காலையும் மாலையும் திருகிச் சரிசெய்ய ஆள் வேண்டும். தொட்டியும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. போனால் மருந்து வேலை செய்ய நேரம் கிடைக்காது.

இந்தக் கணக்கெல்லாம் புதுப் பவுடருக்கு. மலைப் பனியில் வாய் திறந்து கிடக்கும் மூட்டை ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும், வீரியமும் போய்விடும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இருட்டில் வையுங்கள். இரும்பு டப்பா துருவேறிவிடும். கைப்பிடி அளவு வேண்டவே வேண்டாம். தண்ணீர் விடுபவரைத் திட்டுவதற்கு முன் ஒரு சின்னத் தராசு வாங்கிக் கொடுங்கள்.

மழைக்குக் கலங்கிய நீரை மருந்தால் காப்பாற்ற முடியாது. சேறு மருந்தைத் தின்றுவிடும், சேற்றுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும். தெளியும்வரை வரத்தைத் திருப்பி வெளியே விடுங்கள். காபிப் பழம் அரைக்கும் மாதங்களில் சுனைக்கு மேலே தோல் கழுவிய நீர் கலந்தாலும் இதே கதைதான். தோட்டக்காரரிடம் பேசி அதை வேறு பக்கம் திருப்பச் சொல்வதே தீர்வு.

நெடியை வைத்து அளவு சொல்ல முடியாது. கடைக்கோடி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்ச வேண்டும். தொட்டியடியில் குளோரின் இருந்தும் கடைசி வீட்டில் இல்லையென்றால் இடையில் குழாய் ஒழுகுகிறதா என்று பாருங்கள். நீர் நின்ற நேரத்தில் அந்த ஓட்டை சாக்கடையை உள்ளே இழுக்கும். ஜல் ஜீவன் திட்டத்தில் சோதனைப் பெட்டியோடு பெண்களுக்குப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு, உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் கடைசிக் குழாயில் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். மார்ச் 22 கிராம சபை உலகத் தண்ணீர் தினத்தை ஒட்டிக் கூடுவது. டிரம்மும் வால்வும் கேட்கும்போது அந்த நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

காபிக்கு வேண்டிய நீரை முந்தின இரவே பிடித்து, துணியால் மூடி வையுங்கள். நெடி பெரும்பாலும் போய்விடும்.

அன்புடன்.