பண்டிட் ஜி இருக்கும் யூனிட்டில் கிறிஸ்துமஸ்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். இப்போது வடக்கே, எல்லையை ஒட்டிய ஒரு போஸ்ட்டில் இருக்கிறார். அங்கே பதற்றம் இருப்பதால் கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய யூனிட்டில் பாதிரியார் இல்லை, பண்டிட் மட்டும்தான். தீபாவளியன்று பூஜை நடந்தபோது இவரும் கூட நின்று பிரசாதம் வாங்கியிருக்கிறார். அதை நான் சபையில் ஒரு அக்காவிடம் சொல்லப்போக, "அது பாவம், கேட்காமல் விடாதே" என்றார். நானும் போனில் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் "சரி", "ம்" தவிர எதுவும் பேசுவதில்லை. கிறிஸ்துமஸ் அன்று அவருக்காக ஜெபிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்: தங்கச்சி, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கிறது. முதலில் போனைச் சரிசெய்யுங்கள். அந்த மாதிரி இடங்களில் லைன் கிடைப்பதே பெரும் பாடு. கிடைத்த ஐந்து நிமிடத்தில் விசாரணை நடந்தால் யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த முறை கூப்பிடும்போது "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்" என்று ஒரே ஒரு வரி சொல்லுங்கள், போதும். நீட்டி முழக்க வேண்டாம். அப்புறம் பிள்ளைகள் படிப்பு, தெருச் சண்டை, தேங்காய் விலை என்று வீட்டுக் கதைக்குப் போய்விடுங்கள். அவருக்கு அதுதான் வேண்டும்.

என் வீட்டுக்காரரும் மிலிட்டரியில் இருந்தவர்தான். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

நம் ராணுவத்தில் மதகுரு என்பவர் வெளியிலிருந்து வந்து போகிறவர் இல்லை. ரிலிஜியஸ் டீச்சர் என்று ஒரு பணியே உண்டு. பண்டிட், சீக்கியர்களின் கிரந்தி, மௌல்வி, பாதிரியார், புத்த பிக்கு, யாரானாலும் நாயிப் சுபேதார் என்ற ரேங்கில்தான் சேருகிறார்கள். பாதிரியாராகச் சேர்வதற்குக் குருப்பட்டம் பெற்றிருக்க வேண்டும், பிஷப்பின் அங்கீகாரப் பட்டியலில் பெயரும் இருக்க வேண்டும். ஒரு யூனிட்டில் எந்த மதத்துக்காரர்கள் அதிகமோ அதைப் பார்த்துத்தான் குருவைப் போடுவார்கள். உங்கள் கணவரை யாரும் ஒதுக்கிவிடவில்லை, தலைக்கணக்கு அப்படி.

அந்தப் பண்டிட்டின் வேலையும் பூஜையோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, தேறிவருகிறவர்களோடு பிரார்த்திப்பது, தண்டனையில் இருக்கும் சிப்பாயைச் சந்திப்பது, இறந்தவருக்குக் கடைசிக் காரியம் செய்வது, எல்லாம் இவர்கள் பொறுப்புதான். இவர்களுக்குப் புனேயில் நடக்கும் பயிற்சியில் மற்ற மதங்களைப் பற்றியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். உங்கள் கணவர் டிரெயினிங் முடித்து, கசம் பரேடில் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்திருப்பார் அல்லவா? அந்தப் பரேடில் நிற்பவர்களும் இவர்கள்தான்.

பெரும்பாலான யூனிட்களில் சர்வ தர்ம ஸ்தல் என்று ஒரு கட்டடம் இருக்கும். சாமி படங்கள், குரு கிரந்த சாகிப், குர்ஆன், சிலுவை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வாரத்துக்கு ஒரு முறை எல்லோரும் கூடி வழிபடும் மந்திர் பரேடு. யாருடைய பண்டிகை வந்தாலும் எல்லோரும் போவார்கள், முடிந்ததும் படா கானா. அன்று யூனிட்டுக்குத் தலைவரான சி.ஓ. சாப் முதல் சிப்பாய் வரை சேர்ந்து சாப்பிடுவார்கள். போஸ்ட்டில் இதெல்லாம் சுருங்கி, ஒரு பங்கர், ஒரு படம், ஒரு தட்டு அல்வா என்று ஆகிவிடும். ராத்திரி சென்ட்ரி காவலில் மாறி மாறி நிற்கும் அந்தச் சில பேரில், தீபாவளியன்று ஒருவர் மட்டும் மூலையில் போய் உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? கூட இருப்பவனுடைய நல்ல நாளில் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறார். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன்.

பிரசாதம் பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 8-ஆம் அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. போதகரோடு உட்கார்ந்து படியுங்கள். அந்த அக்காவோடு வேண்டாம்.

சபையில் யாராவது கோர்ட்டு வழக்கைச் சொல்லிப் பயமுறுத்தவும் கூடும். தன் படைப்பிரிவின் வழிபாட்டில் கருவறைக்குள் நுழைய மறுத்த ஒரு கிறிஸ்தவ அதிகாரியைப் பணிநீக்கம் செய்ததில் தலையிட முடியாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஆட்களை வழிநடத்த வேண்டிய அதிகாரி மறுத்ததைப் பற்றிய வழக்கு. உங்கள் கணவர் எதையும் மறுக்கவும் இல்லை, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவரை யாரும் கட்டாயப்படுத்தியதாகவும் தெரியவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழுச் சம்மதமா என்பது வேறு பேச்சு.

எமில் கபான் என்று ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கான்சாஸைச் சேர்ந்த கத்தோலிக்கப் பாதிரியார், ராணுவ மதகுரு. கொரியப் போரில், 1950 நவம்பரில், காயம்பட்டவர்களை விட்டுவிட்டுத் தப்பிக்க மனம் வராமல் அவர்களோடே இருந்து பிடிபட்டார். வடகொரியாவில் ப்யோக்டாங் என்ற கைதி முகாம். பசியும் குளிரும் சீதபேதியும் ஆட்களைக் கொண்டுபோன இடம். அங்கே அவர் ராத்திரியில் போய்த் தானியம் திருடிவருவார். தகரத்தை அடித்துப் பாத்திரமாக்கித் தண்ணீர் கொதிக்கவைப்பார். சீதபேதியில் படுக்கையிலேயே மலம் போய்விட்டவர்களின் துணியைத் துவைப்பார். 1951 மார்ச் 25, ஈஸ்டர். காவலர்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், விடியற்காலையில் கைதிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். வந்தவர்கள் கத்தோலிக்கர்கள் மட்டும் இல்லை. மே 23-ஆம் தேதி அவர் இறந்துபோனார். 2013-இல்தான் அமெரிக்கா அவருக்கு மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தது. அவர் இறந்த பிறகு அதே முகாமுக்கு ஒரு யூத விமானி கைதியாக வந்தார். பாதிரியாரை அவர் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டே, விறகுக் கட்டையில் இயேசுவின் சிலுவையைச் செதுக்கினார். அது பத்திரமாக அமெரிக்கா வந்து சேர்ந்தது. சிலுவை செதுக்கியதால் அவர் யூதராக இல்லாமல் போய்விடவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணவரை அந்தப் பண்டிட் ஜியிடமே போய்ப் பேசச் சொல்லுங்கள். "கிறிஸ்துமஸ் வருகிறது, நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம்" என்று சொன்னால் போதும். சுபேதார் மேஜர் காதுக்கும் சி.ஓ. காதுக்கும் விஷயம் போக அதுதான் சுலபமான வழி. பக்கத்தில் வேறு யூனிட்டில் பாதிரியார் இருந்து, வானிலையும் விட்டால், வரவழைக்கப் பார்ப்பார்கள். வராவிட்டால்? உங்கள் போதகர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை யார் ஆராதனை நடத்துகிறார்கள்? சபையில் ஒருவர்தானே? லூக்கா 2-ஆம் அதிகாரத்தை வாசித்து இரண்டு பாட்டுப் பாட யாருக்கும் பட்டம் தேவையில்லை. பாட்டுத் தெரியாத பஞ்சாபியும் பீகாரியும் கூட நின்று கை தட்டுவார்கள். திருவிருந்துக்கு மட்டும் அவர் லீவில் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

போதகரிடம் இரண்டு நிமிட ஜெபம் ஒன்றைப் போனில் பதிவுசெய்து வாங்குங்கள். பிள்ளைகள் பாடுவதையும் பதிவுசெய்து அனுப்புங்கள். 24-ஆம் தேதி ராத்திரிதான் என்று இருக்காதீர்கள். நெட் கிடைக்கும்போதே போய்விடட்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் சண்டை தீர்ந்த பிறகும் அவர் அதே மாதிரி "ம்" என்றே இருந்தால், தூக்கம் இல்லை என்றால், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யூனிட் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு வருகிறதுதான்.

அப்புறம் பார்சல். தனியார் கூரியர் அங்கே போகாது. தபால் ஆபீஸில்தான் போட வேண்டும். நம்பர், ரேங்க், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்), பின்கோடு என்று அவர் கொடுத்த விலாசத்தை அப்படியே எழுதுங்கள், ஊர்ப் பெயரைச் சேர்க்காதீர்கள். கேக் வேண்டாம், வழியிலேயே பூத்துவிடும். அச்சுமுறுக்கு தூளாகத்தான் போகும். முந்திரிக்கொத்து தாங்கும். பாகை நன்றாக முற்றவிட்டு, அவர் ஒருவருக்கென்று இல்லாமல் பங்கரில் இருக்கிற எல்லோருக்கும் காணும்படி செய்யுங்கள். டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். பனி இறங்கிவிட்டால் மேலே முதலில் ரேஷனும் மருந்தும்தான் போகும், தபால் பை அதற்குப் பிறகுதான்.